இரண்டு பேண்டுக்கும் நான்தான் பேஸ்

கண்டிப் பக்கத்து இசைக்காரர்கள் இருக்கிற ஒரு வாட்ஸ்அப் குழுவில் என்னையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஓய்வு பெற்றவன் என்பதால் காலை வணக்கப் படம் அனுப்புவதைத் தவிர எனக்கு அங்கே வேறு வேலை கிடையாது. போன மாதம் அதில் பெரிய ரகளை. ஒரு பேண்ட்காரர் தன்னிடம் வாசிக்கிறவர்களிடம் ஒப்பந்தம் ஒன்றை நீட்டியிருக்கிறார். எங்களோடு இருக்கும்வரை வேறு எந்த பேண்டிலும் வாசிக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். பேஸ் வாசிக்கிற இரண்டு பேர் என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

"அங்கிள், இதுல ஸைன் வைக்கலாமா? நீங்க எத்தன பேண்டுல வாசிச்சீங்க?"

எண்ணிப் பார்த்தேன். கைவிரல் போதவில்லை. போனில் தட்டச்சு செய்ய எனக்குப் பொறுமையும் போதாது. ஆகவே பதிலை இங்கே எழுதுகிறேன். கையெழுத்து வைப்பதும் வைக்காததும் அவர்கள் பாடு.

நான் பேஸ் கிட்டார்காரன் ஆனது ஆசைப்பட்டு அல்ல. அப்பா மாநகர சபையில் கிளார்க். வீட்டில் வெள்ளிக்கிழமை தேவாரம். ஆனால் பள்ளிக்கூடச் சிநேகிதன் ஒருவன் கூப்பிட்டான் என்று நான் போய் நின்றது தேவாலயத்துப் பாடகர் குழுவில். அங்கே ஏற்கெனவே ஐந்து பேர் கிட்டாரோடு நின்றார்கள். மூலையில் நாலு கம்பி வைத்த பேஸ் ஒன்று தூசு பிடித்துக் கிடந்தது. "உங்கள்ல ஒருத்தர் அத எடுங்கப்பா" என்றார் பாதர். ஐந்து பேரும் ஜன்னல் பக்கம் பார்த்தார்கள். அதில் தனியாக வாசித்துக் கைதட்டு வாங்க முடியாது, பாடிக்கொண்டே வாசிப்பதும் கஷ்டம், போதாததற்குக் கனம் வேறு. அந்தக் கூட்டத்தில் ஞானஸ்நானம் பெறாதவன் நான் ஒருவன்தான். மறுத்துப் பேச எனக்கு என்ன உரிமை? எடுத்துத் தோளில் மாட்டினேன்.

அதற்குப் பிறகு கண்டியில் யாருக்கு பேஸ் வேண்டுமென்றாலும் என்னைத்தான் தேடினார்கள். நான் கெட்டிக்காரன் என்பதால் அல்ல. கிட்டார்காரர்களைத் தெருவுக்குத் தெரு பிடிக்கலாம், பேஸ்காரர்களை விளக்குப் பிடித்துத்தான் தேட வேண்டும். ஹோட்டல் ஒன்றில் பியானோ வாசித்த வயதான கனவான் ஒருவரோடு ஜாஸ் வாசித்தேன். "நடந்து போற மாதிரி வாசி, ஓடாத, நிக்காத" என்பார். வெள்ளைக்காரர்களின் சாப்பாட்டு மேசைகளைச் சுற்றிச் சுற்றி கலிப்ஸோ வாசித்தேன். பேராசிரியர் மாதிரி தாடி வைத்த நாலு பேரோடு ரெகே வாசித்தேன். கடைசிக் காலத்தில் பேராதனைப் பல்கலைக்கழகப் பையன்களோடு மெட்டலும் வாசித்தேன். அவர்களுடைய பாடகர் வாயைத் திறந்தால் யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர் கொண்டு ஓடிவருவார்.

ஒவ்வொரு இடத்திலும் எனக்கு ஒவ்வொரு பெயர். வீட்டில் வைத்த பெயர் சிவகுமார். தமிழ் மெல்லிசைக் குழுவில் சிவா. ஹோட்டலில் ஷிவ். கல்யாணங்களில் ஆட்டப் பாட்டு வாசிக்கிற சிங்கள பைலா பேண்டில் ஸ்டீவ். மெட்டல் பையன்களுக்கு அங்கிள். எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டேன். அந்தப் பழக்கம் ஒரு நாள் என்னை நடுச் சபையில் மாட்டிவிட்டது. அதைச் சொல்ல முன்னால் மாஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அந்தோனிமுத்து மாஸ்டர் வயலின்காரர். மலைநாட்டுக் கோயில் திருவிழாக்களில் அவருடைய மெல்லிசைக் குழுவுக்கு அப்படியொரு மதிப்பு. கட்டுகஸ்தோட்டையில் ஒரு தையல் கடையின் மேல்மாடியில் செவ்வாய்க்கிழமை தோறும் ரிகர்சல். மாஸ்டர் யாரையும் நீ என்று சொல்லமாட்டார். ஏசும்போதும் "நீங்க" தான். அதனால் இன்னும் கொஞ்சம் அதிகமாக வலிக்கும்.

அவரிடம் எல்லாவற்றுக்கும் ஒரு முறை உண்டு. கேபிளை முழங்கையில் சுற்றி முறுக்கக் கூடாது, தரையில் வட்டம் வட்டமாக விழவிட்டு எடுக்க வேண்டும். சபைக்கு முன்னால் டொங் டொங் என்று சுருதி சேர்க்கக் கூடாது. சத்தத்தைக் குறைத்துவிட்டு, பேஸின் மரக் கொம்பில் காதை ஒட்டவைத்துக்கொண்டு சேர்க்க வேண்டும். பாட்டின் சுருதியை வாயால் சொல்லமாட்டார், வில் பிடிக்காத கையால் காட்டுவார். மேலே ஒரு விரல் நீட்டினால் ஜி, இரண்டு நீட்டினால் டி, கீழே ஒன்று நீட்டினால் எஃப். பாடகர் மூச்சு விடுகிற நேரத்துக்குள் அதைப் பார்த்துவிட வேண்டும். உடுப்பு வெள்ளைச் சட்டை, கறுப்பு டை. தேயிலைத் தோட்டத்து மழையில் நனைந்து ஒட்டினாலும் டை டைதான்.

எனக்கென்று தனியாக ஒரு பாடம் வைத்திருந்தார். "நீங்க வாசிக்கிறது யாருக்கும் கேக்கக் கூடாது. ஆனா நிப்பாட்டினீங்கன்னா எல்லாரும் திரும்பிப் பாக்கணும்."

இத்தனை முறைகளுக்கும் மேலே ஒரு சட்டம் இருந்தது. அவருடைய குழுவில் இருப்பவர் வேறெங்கும் வாசிக்கக் கூடாது. முன்பு கிட்டார் வாசித்த ஒருவர் வேறொரு குழுவில் ஒரே ஒரு பாட்டுக்கு ஏறினார் என்று கேள்விப்பட்டு, மறுநாளே மாஸ்டர் அவரை வீட்டுக்கு அனுப்பினார். சத்தம் போடவில்லை. கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையால் மெல்ல மெல்லத் துடைத்தார், அவ்வளவுதான். அவர் கண்ணாடியைக் கழற்றினால் யாரோ ஒருவருக்குச் சீட்டுக் கிழிகிறது என்று எங்களுக்குத் தெரியும்.

எனக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. நான் வாசித்த பேஸ் என்னுடையது அல்ல, மாஸ்டருடையது. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பழக விட்டிருந்தார். அவர் அதைத் திருப்பிக் கேட்டுவிட்டால் ஜாஸும் இல்லை, பைலாவும் இல்லை, நான் வெறும் சிவகுமார்.

இதெல்லாம் தெரிந்தும் ஏன் லாலின் பைலா பேண்டுக்குப் போனாய் என்று கேட்பீர்கள். திருவிழாக் காலம் முடிந்தால் எங்கள் குழு தூங்கிவிடும், லாலுக்கோ சனிக்கிழமை தவறாமல் கல்யாணம். அது ஒரு காரணம். நிஜக் காரணம், பைலா வாசிக்க எனக்கு ஆசை. அதில் பேஸ் சும்மா நிற்காது, துள்ளும். வெள்ளைச் சட்டை போட்டுத் துள்ள முடியாது. லாலின் ஆட்களுக்குப் பூப்போட்ட சட்டை, கழுத்துப் பொத்தான் திறந்திருக்கும். லால் சுருதி சொல்லவும் மாட்டார், விரல் காட்டவும் மாட்டார். "மல்லி, போவோமா?" என்று சிரித்துவிட்டுத் தொடங்கிவிடுவார். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. பின்னால் ஓடிப் பிடித்துக்கொள்வது நம் சாமர்த்தியம்.

ஒரு கிழமையில் இருவரிடமிருந்தும் அழைப்பு வந்தது. மாஸ்டர் சொன்னார், சனிக்கிழமை காலை பிலிமத்தலாவையில் கல்யாண வரவேற்பு, மத்தியானம்வரை வாசிப்பு. லால் சொன்னார், சனிக்கிழமை மத்தியானம் தொடக்கம் பிலிமத்தலாவையில் கல்யாணம். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அங்கே பெருந்தெருவை ஒட்டி எத்தனையோ மண்டபங்கள் இருக்கின்றன. ஒன்றில் முடித்துவிட்டு மற்றதுக்கு நடந்தே போகலாம். இப்படியொரு பொருத்தம் யாருக்கு அமையும் என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டேன். அவள் இரண்டு சட்டையையும் இஸ்திரி போட்டுத் தந்துவிட்டு, "ரெண்டும் ஒரே கல்யாணமா இருக்கப் போகுதுங்க" என்றாள். சிரித்துவிட்டு பஸ் ஏறினேன்.

மண்டப வாசலில் இரண்டு வேன்கள் நின்றன. ஒன்று மாஸ்டருடையது, மற்றது லாலுடையது.

நடந்தது இதுதான். பெண், வத்தேகமவில் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கும் செல்லையா முதலாளியின் மகள். மாப்பிள்ளை பிலிமத்தலாவைச் சிங்களப் பையன். தாலி காலையிலேயே கோயிலில் கட்டியாகிவிட்டது. மண்டபத்தில் வரவேற்பு. முதலாளி தன் பங்குக்கு மாஸ்டரை ஒழுங்கு செய்தார். மாப்பிள்ளையின் தாய்மாமன் யாரிடமும் சொல்லாமல் தன் அன்பளிப்பாக லாலை ஒழுங்கு செய்தார். லாலின் ஆட்கள் மத்தியானத்துக்கு வந்தால் போதும் என்றிருக்க, மாமன்தான் மணமக்கள் உள்ளே வரும்போதே பைலா அதிர வேண்டும் என்று காலையிலேயே வரவழைத்துவிட்டார். மேடை ஒன்றுதான். இடது பக்கம் மாஸ்டரின் வெள்ளைச் சட்டைகள். வலது பக்கம் லாலின் பூக்கள். நடுவில் பேஸ் வாசிக்கிறவர் நிற்க வெறுமையாக ஓர் இடம்.

இரண்டு தரப்பும் தங்கள் பேஸ்காரருக்காகக் காத்திருந்தன.

நான் கதவருகே நின்றேன். அப்படியே திரும்பி நடந்திருக்கலாம். அதற்குள் மாஸ்டர் "சிவா" என்றார். அதே நேரம் லால் கையை உயர்த்தி, "ஆ, ஸ்டீவ் மல்லி!" என்று கூவினார். நான் இரண்டுக்கும் திரும்பினேன். எங்கள் குழுவில் டோலக் வாசிக்கிற நிஸாம் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"என்னத்த மச்சான், ரெண்டு பக்கமும் ஒன்னையவா கூப்புடுறாங்க?"

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

பேஸை அந்த இடத்திலேயே கழற்றி அவர் காலடியில் வைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் அதற்குள் என்னைவிடப் பெரிய சண்டை ஒன்று தொடங்கிவிட்டது. மணமக்கள் எந்த இசைக்கு உள்ளே வருவது?

"எங்க பாட்டு இல்லாம எம்மக உள்ள வரமாட்டா" என்றார் செல்லையா முதலாளி. மாமன் சிங்களத்தில், இது எங்கள் ஊர், முதல் பாட்டு எங்களுடையது என்றார். முதலாளிக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும், மாமனுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். ஆகவே இருவருக்கும் ஒரு சொல்கூட வீணாகவில்லை. ஒருவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மற்றவர் தன் ஆட்களிடம் கார்ச் சாவியைக் கேட்டார். பெண்கள் பக்கமும் முகம் மாறிக்கொண்டு வந்தது. விளக்கேற்றக் குறித்த சுபநேரம் நெருங்குகிறது, மணமக்கள் வெளியே காரில் வியர்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த நேரம் தாண்டிவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் அதைக் கடைசிவரை சொல்லிக் காட்டுவார்கள் என்று என் பக்கத்தில் ஓர் அம்மா முணுமுணுத்தார். எனக்கு அந்தப் பிள்ளைகளை நினைக்கப் பாவமாக இருந்தது.

பெண் காரிலிருந்து இறங்கி வாசலுக்கு வந்துவிட்டாள். மாலை கனத்தில் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு உள்ளே பார்த்தாள். யாரோ அவளிடம் என்னைப் பற்றிய செய்தியைச் சொல்லியிருக்க வேண்டும்.

"அப்பா, அந்த அண்ணன் ரெண்டு பேருக்கும் பொதுவான ஆளாமே. அவரு மட்டும் வாசிக்கட்டும். நாங்க நடந்து வர்றோம்."

"பேஸ் மட்டுமா?" என்றார் முதலாளி.

"பேஸ் மட்டுமா?" என்று லாலும் கேட்டார். அன்று இரு தரப்பும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். மாஸ்டர் மட்டும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தனி பேஸுக்கு மணமக்கள் நடந்து வந்த கல்யாணம் கண்டி மாவட்டத்தில் வேறொன்று இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். மேடை நடுவில் ஏறி, கேபிளைச் செருகி, முதல் சுரத்தைத் தொட்டேன். மேசைகளில் கிளாஸ்கள் கிணுகிணுத்தன. முன்வரிசையில் ஒருவர் லொறி வருகிறதென்று வாசல் பக்கம் திரும்பினார். ஹோட்டல் கனவான் சொன்னதுதான் எனக்கு அப்போது கை கொடுத்தது. ஓடாமல், நிற்காமல், அந்தப் பெண்ணின் காலைப் பார்த்து ஓர் அடிக்கு ஒரு சுரம் வைத்தேன். அவள் சேலையைத் தூக்கிப் பிடிக்க நின்றால் நானும் இழுத்துப் பிடித்தேன். மாப்பிள்ளை அவசரப்பட்டபோது மட்டும் அவனைக் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டேன்.

பாதி தூரம் வந்ததும் அவள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். அதோடு என் கை தானாகவே நடையை மாற்றி, ஆறு எண்ணிக்கையில் துள்ளத் தொடங்கியது. ஹுன்னஸ்கிரியத் தோட்டத்துத் திருவிழாவில் கும்மிக்கு வாசிக்கிற நடை அது. லாலின் பைலாவுக்கும் அதே நடைதான். நிஸாமுக்குப் பொறுக்கவில்லை, டோலக்கை மடியில் இழுத்துக்கொண்டார். வலது பக்கமிருந்து லாலின் டிரம்காரரும் சேர்ந்துகொண்டார். இருவரும் வாசிப்பது தங்கள் பாட்டுக்குத்தான் என்று இரண்டு தரப்பும் நம்பின, கை தட்டின. மணமக்கள் மேடைக்கு வந்து, நேரம் தாண்டாமல் விளக்கை ஏற்றினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாசிக்கும்போது துடைக்க முடியாது என்பதால் அப்படியே விட்டுவிட்டேன்.

அதன் பிறகு முதலாளியும் மாமனும் ஒரு சமாதானத்துக்கு வந்தார்கள். ஒரு பாட்டு இவர்கள், ஒரு பாட்டு அவர்கள். நல்ல தீர்ப்பு, என்னைத் தவிர எல்லோருக்கும். மற்ற இசைக்காரர்கள் ஒரு பாட்டு வாசித்தால் ஒரு பாட்டுக்கு உட்கார்ந்து குளிர்பானம் குடித்தார்கள். நான் உட்காரவே இல்லை. போதாததற்குச் சட்டை. மாஸ்டரின் பாட்டுக்கு வெள்ளையும் டையும், லாலின் பாட்டுக்குப் பூ. திரைக்குப் பின்னால் ஓடுவேன், மாற்றுவேன், ஓடி வருவேன். கொஞ்ச நேரத்தில் விருந்தாளிகள் பாட்டை விட்டுவிட்டு, நான் எந்தச் சட்டையில் வருகிறேன் என்று பார்க்கத் தொடங்கினார்கள். ஒரு தடவை அவசரத்தில் பூச்சட்டைக்கு மேல் கறுப்பு டையோடு வந்து நின்றேன். அன்றைக்கு விழுந்த கைதட்டில் பெரியது அதற்குத்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு லால் பழைய பைலாக்களுக்குப் போனார். நடுவில் பாட்டை நிறுத்திவிட்டு மேடையின் இடது பக்கம் வந்து, மாஸ்டருக்கு முன்னால் குனிந்து நின்றார்.

"மாஸ்டர், பழைய பைலாவுக்கு வயலின் இல்லாம சரிவராது. எங்க தாத்தா காலத்துல எல்லாம் வயலின்தான். ஒரு பாட்டு வாசிங்களேன்."

மாஸ்டர் காலையிலிருந்து முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். பிறகு வயலினைத் தோளில் வைத்தார். ஆனால் லால் சுருதி சொல்கிற ஆளா? "போவோமா?" என்று தொடங்கிவிட்டார். மாஸ்டரின் வில் காற்றில் நின்றது. நான் இடது கையை பேஸின் கழுத்திலிருந்து எடுத்து, மேலே ஒரு விரல் காட்டினேன். மாஸ்டர் பார்த்தார், வாசித்தார். கடவுளே, அந்த மனிதர் அப்படி வாசித்து நான் கேட்டதே இல்லை. செல்லையா முதலாளியும் தாய்மாமனும் கதிரைகளைத் தள்ளிவிட்டு ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ஆடினார்கள். மாஸ்டர் ஒரு பாட்டு என்று தொடங்கி லால் பாடிய அத்தனைக்கும் வாசித்தார்.

முடிந்ததும் வயலினைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். பழைய முகம் திரும்பிவிட்டது. வேனில் ஏறுமுன் என்னிடம், "செவ்வாய்க்கிழம பேஸக் கொண்டாங்க" என்றார். நீங்க வாங்க என்று சொல்லவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமைவரை நான் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். பேஸைத் துடைத்தேன், புதுக் கம்பி போட்டேன், பட்டியில் பிய்ந்த இடத்தைத் தைத்தேன். வெளிக்கிடும்போது மனைவி, "அழாம குடுத்துட்டு வாங்க" என்றாள். தையல் கடை மாடிக்கு ஏறியபோது எல்லோரும் முன்பே வந்திருந்தார்கள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பேஸை உறையோடு மாஸ்டரின் மேசைமேல் வைத்தேன்.

"யாரு உங்கள அங்க வைக்கச் சொன்னது? எடுத்து மாட்டுங்க" என்றார் மாஸ்டர். "ரிகர்சல்ல பேஸ் இல்லாம எப்பிடி?"

எடுத்து மாட்டினேன். மாஸ்டர் தொண்டையைச் செருமினார்.

"தொடங்க முந்தி ஒரு விஷயம். வாற சனிக்கிழம எனக்கு லீவு வேணும்."

ஒருவருக்கும் விளங்கவில்லை. குழுவின் சொந்தக்காரர் யாரிடம் லீவு கேட்பது?

"மாத்தளையில ஒரு கல்யாணம். லால் வயலினுக்குக் கூப்புட்டிருக்காரு." மாஸ்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வர்றேன்னு சொல்லிட்டேன்."

நிஸாம்தான் துணிந்து வாயைத் திறந்தார்.

"அப்ப நம்மட சட்டம் என்ன ஆகும் மாஸ்டர்? வேற பேண்டுக்குப் போற ஆளுக்கு இங்க எடம் ஈக்கா?"

மாஸ்டர் என் பக்கம் கையை நீட்டினார்.

"அத சிவாகிட்ட கேளுங்க. அந்த பேண்டுல அவருதான் எனக்கு சீனியர்."

அன்று ரிகர்சலில் நான் வாசித்ததில் பாதி தப்பு. மாஸ்டர் ஒரு தடவைகூடக் கண்ணாடியைக் கழற்றவில்லை.